தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு

பாலர் சுகாதாரச் சேவையில் சமநீதி பற்றிய பாடம்

சம்பளம் பெற்ற மறு ஞாயிற்றுக்கிழமையில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நடந்து பார்த்தால், தோட்டக் குடும்பங்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். தந்தையின் கையில் துணிப்பை இருக்கும். தாயின் இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். மூத்த பிள்ளைகள் கடைக் கண்ணாடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவர். 1863ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் இத்தெரு, நம் மக்கள் புடைவையும் சட்டையும் பாத்திரமும் பலகாரமும் வாங்குவதற்குத் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் இடமாகும்.

அண்மையில் அத்தெருவிலுள்ள ஒரு துணிக்கடையில் நாம் நின்றிருந்தபோது, ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்த கணவனும் மனைவியும் தங்கள் பெண் குழந்தைக்குச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தனர். குழந்தைக்குப் பதினான்கு மாதம். கடைப்பெண் ஒரு வயதுக் குழந்தைக்குரிய சட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். அது தோளில் நில்லாமல் நழுவியது. அடுத்த அளவும் பெரிதாகவே இருந்தது. இறுதியில் பொருந்தியது ஆறு மாதக் குழந்தைக்கு உரிய சட்டையே.

“அக்கா, இது ஆறு மாதப் பிள்ளைக்குத் தைத்தது. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கடைப்பெண் கேட்டார்.

“நன்றாகத்தான் இருக்கிறாள், தங்கச்சி. எங்கள் வீட்டில் எல்லாரும் சிறு கூடுதான்” என்று தாயார் விடையளித்தார்.

நாம் அருகில் சென்று, குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைப் பற்றி விசாரித்தோம். புத்தகம் பையிலேயே இருந்தது. அதில் பிறந்தபோது போட்ட ஊசிகளும், இரண்டாம் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் போட்ட ஊசிகளும் குறிக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு கட்டங்கள் யாவும் வெறுமையாக இருந்தன. எடையும் அன்றோடு நின்றுவிட்டது.

“லீவு முடிந்து பால்வெட்டுக்குத் திரும்பிவிட்டேன், சார். கிளினிக் கம்பத்தில் இருக்கிறது. போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று நாள் ஓடிவிட்டது” என்றார் தாயார்.

நாம் எதிர்பாராத சொல் ஒன்று அப்பொழுது கடைப்பெண்ணிடமிருந்து வந்தது. “எனக்கும் அதே கதைதான், சார். கிளினிக் எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடக்கும் தூரம். ஆனால் கடைக்கு லீவு போட முடியவில்லை. என் மகனுக்கும் இரண்டு ஊசி பாக்கி.”

ஒருவர் மருத்துவ நிலையத்திற்குத் தொலைவில் இருக்கிறார். மற்றவர் அருகில் இருக்கிறார். ஆயினும் இருவருடைய பிள்ளைகளும் ஒரே நிலையில் இருக்கின்றனர். இது ஏன் என்பதை ஆராய்வதும், இதற்கு நாம் என்ன செய்யக்கூடும் என்பதை அறிவதுமே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சமம் வேறு, சமநீதி வேறு

எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது சமம். ஒவ்வொருவரும் ஒரே பயனை அடையுமாறு தேவையறிந்து கொடுப்பது சமநீதி. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பால்வெட்டும் தொழிலாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சமதரையில் வெட்டுபவருக்கும் மேட்டுச் சரிவில் வெட்டுபவருக்கும் ஒரே எண்ணிக்கையில் மரங்களைக் கொடுத்தால் அது நியாயமாகுமா? சரிவில் ஏறி இறங்குபவருக்கு மரங்களைக் குறைத்துக் கொடுப்பதே முறை என்பதை நல்ல கங்காணி அறிவார். அவ்வாறு செய்வதை எவரும் சலுகை என்று கூறுவதில்லை. நிலத்தின் இயல்பறிந்து செய்த நியாயம் என்றே கூறுவர்.

சுகாதாரச் சேவையும் அத்தகையதே. காலை எட்டு மணிக்குத் திறந்து மாலையில் மூடும் மருத்துவ நிலையத்தின் கதவு எல்லாருக்கும் பொதுவானது. அலுவலகத்தில் சம்பள விடுப்புப் பெறும் தாய் அக்கதவை எளிதில் அடைகிறார். விடிவதற்கு முன் எழுந்து நிரைக்குச் சென்று, பால் வடிந்த பிறகு சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பகலில் வீடு திரும்பும் தாய் அடைவதில்லை. கதவு ஒன்றுதான், அதனை அடையும் வழி ஒன்றன்று.

1971ஆம் ஆண்டில் ஜூலியன் டூடர் ஹார்ட் என்னும் மருத்துவர் இவ்வுண்மையை ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். அவர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்ட விதி. நிலக்கரிச் சுரங்கத்திற்குப் பொருந்திய அவ்விதி ரப்பர்த் தோட்டத்திற்கும் பொருந்துகிறது. மஸ்ஜித் இந்தியாவிலுள்ள துணிக்கடைக்கும் பொருந்துகிறது.

தோட்டச் சுகாதாரம் வந்த வழி

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்தில் பிறந்த குழந்தை பிழைத்திருப்பதே அரிதாக இருந்தது. காடழித்துத் தோட்டம் உண்டாக்கிய இடங்களில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரையும் அவர்தம் பிள்ளைகளையும் வாரிச் சென்றது. 1901ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து கொசுக்களை ஒழிக்கும் பணியைக் கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் அக்கால போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தொடங்கினார். அதன்பின் தோட்டங்களிலும் அம்முறை பரவியது. இந்நாட்டு மக்களின் உயிர் காத்த பெரும் பணிகளுள் ஒன்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே தொடங்கியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கதாகும்.

பின்னர்த் தொழிலாளர் சட்டங்களின் வாயிலாகத் தோட்ட மருத்துவமனைகளும், டிரெசர்மாரும், தாய்மார் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைகளும் வந்தன. 1950ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் கிராமியச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கி, மருத்துவச்சிகளையும் தாதியரையும் கிராமங்களுக்கு அனுப்பியது. 1973ஆம் ஆண்டு முதல் அத்திட்டம் சீரமைக்கப்பட்டு, ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒரு கிராமிய கிளினிக்கும் 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையமும் என்னும் அளவு வகுக்கப்பட்டது.

இதன் பயன் அளப்பரியது. 1957ஆம் ஆண்டில் தீபகற்பத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை நாட்டில் 13 அளவிற்குக் குறைந்தது. இன்று அது பத்துக்கும் கீழ் நிற்கிறது.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு குறை உண்டு. தோட்டங்கள் தனியார் நிலமாக இருந்தமையால், அவற்றின் சுகாதாரம் முதலாளிமாரின் பொறுப்பாகவே நெடுங்காலம் விடப்பட்டது. கிராமத்துத் தாதி வீடு வீடாகச் சென்ற காலத்திலும் அவருடைய பாதை பல வேளைகளில் தோட்ட வாயிலோடு நின்றது. நல்ல நிருவாகம் வாய்த்த தோட்டங்களில் பிள்ளைகள் நலமுற்றனர். வாய்க்காத தோட்டங்களில் நலியலாயினர். பின்னாளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாக மாறியும் போயின. தோட்ட மருத்துவமனைகள் மூடப்பட்டன. குடும்பங்கள் நகரத்திற்குப் பெயர்ந்தன. நாட்டின் சராசரி உயர்ந்தது. ஆனால் சராசரி என்பது ஓடையின் ஆழத்தைப் போன்றது. சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று நம்பி இறங்கியவர், நடுவில் உள்ள மடுவில் மூழ்கவும் கூடும்.

நகரத்திற்கு வந்தால் குறை தீர்ந்ததா?

தோட்டத்தை விட்டு நகரத்திற்குச் சென்றுவிட்டால் பிள்ளைகளின் வாழ்வு தானே செழிக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கோலாலம்பூரிலும் அதனைச் சுற்றிலும் உள்ள மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி யூனிசெப் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தி 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். 23 விழுக்காட்டினர் மிகை எடையுடையவர்கள். வானளாவிய கட்டடங்களின் நிழலில், மருத்துவமனைகள் நிறைந்த நகரத்தின் நடுவில் கண்ட நிலை இது.

நாடு தழுவிய நிலையும் கவலைக்குரியதே. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. மஸ்ஜித் இந்தியாவில் நாம் கண்ட குழந்தை தனிப்பட்ட ஒரு குழந்தையன்று என்பது இதனால் விளங்கும். “எங்கள் குடும்பமே சிறு கூடு” என்று தாயார் கூறியது அவர் அறியாமல் கூறியதாகும். அப்பாட்டனும் பாட்டியும் பிள்ளைப் பருவத்தில் போதிய ஊட்டம் பெற்றிருந்தால் அவர்கள் உடற்கூடும் சற்றுப் பெரிதாகவே இருந்திருக்கக்கூடும்.

பால்மரக் கன்றும் பிள்ளையும்

நட்ட கன்று பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் அதற்கு உரம் இடுகிறோம், களை எடுக்கிறோம், நோய் வராமல் மருந்து தெளிக்கிறோம். தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டரை எட்டும்வரை அளந்து பார்க்கிறோம். கன்றுப் பருவத்தில் கவனிக்காத மரத்தை, வளர்ந்த பின் எவ்வளவு உரம் இட்டாலும் முழுதாகத் திருத்த இயலாது. ஒரு தோட்டத்துக் கன்று அளக்கப்படுகிறது. அதே தோட்டத்துக் குழந்தை அளக்கப்படாமல் இருக்கலாமா?

குழந்தையின் எடை ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகவும், ஓராண்டு முடிவில் மூன்று மடங்காகவும் பெருகுவது பொது இயல்பு. பதிவுப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோடு மேல்நோக்கிச் சென்றால் மகிழலாம். தட்டையாகச் சென்றால் எச்சரிக்கை. கீழே இறங்கினால் உடனே தாதியைக் காணல் வேண்டும். எடை என்பது குழந்தை பேசக் கற்குமுன் பேசும் மொழி.

இம்முறையின் பயனைத் தமிழ்நாடு மெய்ப்பித்துக் காட்டியது. 1980ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊரிலேயே வாழும் ஒரு பெண்மணி மாதந்தோறும் சிறு குழந்தைகளை நிறுத்துக் கோடு வரைந்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ 90 நாட்களுக்குச் சிறப்புச் சத்துணவு வழங்கப்பட்டது. கடுமையான ஊட்டக் குறைவு அக்கிராமங்களில் குறைந்தது. எல்லாக் குழந்தைகளையும் நிறுப்பது சமம். தேறாத குழந்தைக்குக் கூடுதலாகக் கொடுப்பது சமநீதி. நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஊட்டக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு உணவுக் கூடை வழங்கும் திட்டம் சுகாதார அமைச்சின் வாயிலாக நடைபெற்று வருகிறது. ஆனால் நிறுக்கப்படாத குழந்தையின் குறையைத் தாதி எவ்வாறு அறிவார்? ஆகவே எடை பார்த்தலே எல்லா உதவிக்கும் முதற்படியாகும்.

உணவைப் பற்றி ஒரு சொல். முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. டின்னில் அடைத்த இனிப்புப் பால் கைக்குழந்தைக்கு உணவாகாது. 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், அத்தகைய பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்றே மேடையில் கண்டித்துப் பேசினார். ஆறு மாதத்திற்குப் பின் தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். வெறும் கஞ்சி நீர் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது.

ஊசிகளின் கணக்கு

நம் நாட்டில் குடிமக்களின் குழந்தைகளுக்கு அரசாங்க மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. அதன் வரிசை வருமாறு:

பிறந்தவுடன்: காசநோய்த் தடுப்பூசி, கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி.

2, 3, 5ஆம் மாதங்கள்: ஆறு நோய்களை ஒருங்கே தடுக்கும் ஊசி. தொண்டை அடைப்பான், இசிவு நோய், கக்குவான், இளம்பிள்ளை வாதம், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, கல்லீரல் அழற்சி ‘பி’ என்பன அவை.

4, 6ஆம் மாதங்கள்: நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி.

9, 12ஆம் மாதங்கள்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் ஊசி.

15ஆம் மாதம்: நியூமோகாக்கஸ் ஊசி மீண்டும்.

18ஆம் மாதம்: ஆறு நோய்த் தடுப்பூசி மீண்டும்.

இவ்வரிசையை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர்த்தப்பட்டது. பிள்ளை பிறந்த நாள் தொட்டு விடுப்பை எண்ணினால் அது மூன்று மாதத்திற்குச் சற்று மேல் வருகிறது. அதாவது பிறந்தபோது, இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் ஆகிய மூன்று வேளை ஊசிகளே விடுப்புக்குள் அடங்குகின்றன. எஞ்சிய ஏழு வேளைகளும் தாய் வேலைக்குத் திரும்பிய பின்னரே வருகின்றன. மஸ்ஜித் இந்தியாவில் நாம் பார்த்த புத்தகம் மூன்றாம் மாதத்தோடு நின்றுபோனது தற்செயலன்று. தாயின் அன்பு மூன்றாம் மாதத்தோடு குறையவில்லை. அவருடைய நேரமே குறைந்தது.

தவறிய ஊசியைப் பற்றி மூன்று செய்திகளை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, இடையில் விட்டுப்போனால் தொடக்கத்திலிருந்து மறுபடி போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது, இலேசான சளியோ சிறு சூடோ ஊசிக்குத் தடையாகாது. தாதியே பார்த்து முடிவு செய்வார். மூன்றாவது, நாள் கடந்துவிட்டது, தாதி ஏசுவார் என்று அஞ்சிப் போகாமலிருப்பதே பெருந்தவறு. ஒரு நாள் கடுஞ்சொல் கேட்பது எளிது. ஒரு வாழ்நாள் நோயைத் தாங்குவது அரிது.

இந்நோய்கள் ஒழிந்து போனவை என்றும் எண்ணிவிடலாகாது. 2016ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோயால் நம் நாட்டில் பிள்ளைகள் இறந்தனர். 1992ஆம் ஆண்டிற்குப் பின் காணப்படாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் ஒரு கைக்குழந்தையிடம் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

சிறு வயதில் தவறியது பள்ளியில் தெரியும்

நாம் முன்னர் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். தோட்டப் பள்ளியொன்றில் முதலாம் வகுப்பில் ஒரு சிறுவன் பின் வரிசையில் அமர்ந்திருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். சொன்னதை எழுதமாட்டான். கவனமற்றவன் என்று கருதி நாம் அவனைப் பலமுறை கடிந்துகொண்டோம். ஒருமுறை வகுப்புக்கு வெளியிலும் நிறுத்தினோம். சில மாதங்களுக்குப் பின் பள்ளிச் சுகாதாரக் குழுவினர் வந்து சோதித்தனர். இரண்டு வயது முதல் அவன் காதிலிருந்து சீழ் வடிந்து வந்திருக்கிறது. ஒரு காது ஏறத்தாழச் செவிடு, மற்றொன்றும் மந்தம். தாயார் அதனைச் சாதாரணக் காதுவலி என்று எண்ணி எண்ணெய் விட்டு வந்திருக்கிறார். இரண்டு வயதில் ஒரு தாதி பார்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறை அது.

அவனை முன் வரிசைக்கு மாற்றியபின் அவன் படித்தான். ஆயினும் நாம் கடிந்துகொண்ட அம்மாதங்களைத் திரும்பப் பெற இயலவில்லை. பிள்ளைப் பருவத்துச் சுகாதாரத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு, பின்னர் அறிவின் ஏற்றத்தாழ்வாகத் தோன்றி, பிள்ளையின் மீதே பழியாக விழுகிறது. அப்பழியை நாமும் ஒரு காலத்தில் சுமத்தினோம் என்பதால் இப்பாடத்தை எழுதுவது எமக்குக் கடமையாகிறது.

தடைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

நேரம்: மழை பெய்து பால்வெட்டு நின்ற நாள் வருமானம் இல்லாத நாள், ஆனால் அது மருத்துவ நிலையத்திற்குச் செல்ல உகந்த நாள். முன்னதாகவே தாதியிடம் தொழிலின் நிலையைக் கூறி, மழை நாளில் வந்தால் பார்ப்பார்களா என்று கேட்டு, நிலையத்தின் தொலைபேசி எண்ணைப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். குழந்தையை அழைத்துச் செல்வது தாயின் வேலை மட்டுமன்று. தந்தை ஒரு மாதம், தாய் ஒரு மாதம், பாட்டி ஒரு மாதம் என்று முறை வகுத்தால் ஒருவரே சம்பளம் இழக்க நேராது. மனைவியின் பேற்றுக்காகத் தந்தைக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு 2023 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதே முதலாளியிடம் ஓராண்டேனும் வேலை செய்தவர் முன்னறிவிப்புக் கொடுத்து அதனைப் பெறலாம்.

தொலைவு: ஐந்தாறு குடும்பங்கள் ஒரே நாளில் தவணை கேட்டு ஒரே வண்டியில் செல்லலாம். பல பிள்ளைகள் உள்ள தோட்டமாயின், நிருவாகத்தின் உடன்பாட்டோடு தாதியர் குழு தோட்டத்திற்கே வருமாறு மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு எழுதலாம். கடிதத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் குறிப்பிடல் நன்று. எண்ணிக்கை உள்ள விண்ணப்பத்திற்கு வலிமை மிகுதி.

காப்பகம்: தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டைப் பற்றி மட்டும் பேசுவதன்று, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றையும் அது கருதுகிறது. ஆயாக் கொட்டகை வெறும் தொட்டில் கட்டும் இடமாக இல்லாமல், ஒரு தராசும், கைகழுவச் சவர்க்காரமும், ஊசித் தேதிகளைக் குறித்த ஓர் அட்டையும் உள்ள இடமாக இருக்கலாம். இதனைப் பற்றி நிருவாகத்தோடு பேசுவதற்குத் தோட்டக் கமிட்டியும் தொழிற்சங்கமும் துணை நிற்கக்கூடும்.

பத்திரங்கள்: குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். கோயிலில் தாலி கட்டுவதோடு நின்றுவிடாமல் திருமணத்தையும் சட்டப்படி பதிவு செய்தல் வேண்டும். 1982 மார்ச்சு முதல் இது கட்டாயமாகும். தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணம் பதிவாகாமற் போனால், தந்தை குடிமகனாக இருந்தாலும் குழந்தையின் குடியுரிமைக்கு இடையூறு நேரும். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு மருத்துவக் கட்டணம் கூடுதல். பள்ளியில் சேர்ப்பதிலும் தொல்லை. பெற்றோர் செய்யாத ஒரு பதிவின் பாரத்தைப் பிள்ளை ஆயுள் முழுதும் சுமக்கிறது. இன்று நம் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகளும் தொட்டில் வயதினரே. தட்டம்மை அடையாளக் கார்டைக் கேட்டு வருவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை காக்கப்பட்டால்தான் நம் குழந்தையும் காக்கப்படும்.

மொழியும் மரியாதையும்: தாதி கூறியது விளங்கவில்லை என்றால் மறுபடி கேட்பதில் வெட்கம் வேண்டா. மொழி அறிந்த பிள்ளையையோ அண்டை வீட்டாரையோ உடன் அழைத்துச் செல்லலாம். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது இன்னும் நன்று. சேவை செய்வோரும் ஒன்றை நினைவில் வைத்தல் நலம்: “ஏன் தாமதம்?” என்று கேட்பதைவிட, “எந்த நாள் உங்களுக்கு வசதி?” என்று கேட்பது அடுத்த முறை அத்தாயைத் திரும்ப வரச் செய்யும்.

பின்லாந்து நாட்டில் 1938ஆம் ஆண்டில் ஏழைத் தாய்மாருக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அரசாங்கம் வழங்கத் தொடங்கியது. 1949ஆம் ஆண்டு முதல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. பெட்டியைப் பெற ஒரே நிபந்தனை, கருவுற்ற நான்கு மாதத்திற்குள் மருத்துவ நிலையத்திற்கு வருவதே. கண்டித்து அழைத்தால் வராத தாய்மார், கௌரவமாக அழைத்தபோது வந்தனர். சமநீதி என்பது கட்டடத்தில் மட்டும் இல்லை; அழைக்கும் முறையிலும் இருக்கிறது.

அன்று மாலை

துணிக்கடையில் நாம் கண்ட தாயாருக்கு, விட்டுப்போன ஐந்து வேளை ஊசிகளையும் கடைச் சீட்டின் பின்புறத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தோம். அதன் கீழ், “எடை பார்க்க வேண்டும், உணவுக் கூடை பற்றிக் கேட்க வேண்டும்” என்றும் எழுதினோம். கணவர் அச்சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “திங்கட்கிழமை நான் கொண்டு போகிறேன், சார். ஒரு நாள் சம்பளம்தானே” என்றார். கடைப்பெண் ஒன்றும் கூறாமல் தம் கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

தாயார் ஆறு மாதச் சட்டையை வாங்கவில்லை. ஒரு வயதுச் சட்டையையே எடுத்துக்கொண்டார். “தீபாவளிக்குள் இது சரியாக இருக்க வேண்டும்” என்றார். அவ்வாறே ஆகுக என்பதே நம் விருப்பமும்.

படித்தபின் கலந்துரையாடுக

1. சமம், சமநீதி ஆகியவற்றின் வேறுபாட்டை உங்கள் தோட்டத்திலிருந்து வேறொரு எடுத்துக்காட்டால் விளக்குக.

2. உங்கள் தோட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்கு ஊசிகள் முறையாகப் போடப்பட்டுள்ளன?

3. தாய் வேலைக்குத் திரும்பிய பின் வரும் ஏழு வேளை ஊசிகளுக்கு யார் குழந்தையை அழைத்துச் செல்வது? வீட்டில் முறை வகுத்துப் புத்தகத்தில் எழுதுக.

4. உங்கள் வீட்டிலுள்ள வளர்ச்சிக் கோட்டை இன்றிரவு எடுத்துப் பார்க்க. அது ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா?

5. ஆயாக் கொட்டகையில் ஒரு தராசு வைப்பதற்கு யாரை அணுகுவது? தோட்டக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் பேசுக.